சேத்துப்பட்டில் ஒரு குலுக்கல்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டை தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு நிறுத்தம் வரும். மெப்ஸ் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்களும் அங்கேதான் இறங்குவார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் விடுதியை 1928-ல் தொடங்கியவர் டேவிட் சவுரிமுத்து என்ற மருத்துவர். அதற்கு முன்பு அவர் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் இதே போன்ற விடுதி ஒன்றை நடத்திவந்தார். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் அங்கே அவருடைய கவனிப்பில் சில நாட்கள் இருந்திருக்கிறார். 1914-ல் இருவரும் ஒரே கப்பலில் இங்கிலாந்து போனவர்கள். ராமானுஜனுக்கு இருந்தது காசநோய்தானா, கல்லீரலைத் தாக்கிய அமீபாவா என்று பிற்கால மருத்துவர்கள் சந்தேகப்பட்டது தனிக்கதை.

தாம்பரத்தில் பெரிய நிலப்பரப்பு, மரங்கள், காற்றோட்டமான கூடங்கள் எல்லாம் இருந்தன. நோயாளி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், அங்கே படுத்திருக்க வேண்டும். பாலும் முட்டையும் கறியுமாக நன்றாகச் சாப்பிட வேண்டும். சுத்தமான காற்றைச் சுவாசிக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். ஜெர்மனியின் ஹெர்மன் பிரேமர் 1850-களில் சைலீசிய மலைப்பகுதியில் தொடங்கிவைத்த இந்த முறை, கிட்டத்தட்ட நூறு வருடம் உலகம் முழுவதும் கேள்வி கேட்பார் இல்லாமல் நடந்தது. வசதி படைத்தவர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள். நம் பக்கத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்து ஆரோக்கியவரத்துக்குப் போனார்கள், தாம்பரத்துக்கு வந்தார்கள். சிலர் பிழைத்தார்கள். பலர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்கள் காற்றால் பிழைத்தார்களா, முட்டையால் பிழைத்தார்களா, வீட்டில் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்களா என்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் இருந்ததில்லை.

அந்த ஒப்பீட்டை நடத்திய இடம் தாம்பரத்திலிருந்து வெகுதூரம் இல்லை. சேத்துப்பட்டில், ஸ்பர் டேங்க் சாலையில், 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம். 1959-ல் அது வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, காசநோய்க்குக் கட்டில் வேண்டும் என்ற நம்பிக்கையின் அடித்தளத்தையே அசைத்தது. மருத்துவ வரலாற்றைச் சொல்கிற புத்தகங்கள் கிருமியைக் கண்டவரையும் மருந்தைக் கண்டவரையும் விலாவாரியாகச் சொல்லும். சேத்துப்பட்டுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். என் கணக்கில், காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினுக்குச் சமமான இடம் இதற்கு உண்டு.

முதலில் மருந்துக்கு வருவோம். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். ஏழு சாவில் ஒன்று இந்த நோயால் என்று அவர் அன்று சொன்னார். கிருமி தெரிந்துவிட்டது, ஆனால் அதைக் கொல்ல வழி தெரிய அறுபது வருடம் ஆனது. காரணம் கிருமியின் குணம். குடலில் வாழும் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். மேலே மெழுகு போன்ற கொழுப்பு உறை. சுறுசுறுப்பாக வளர்கிற கிருமியைத் தாக்குவதுதான் பெரும்பாலான மருந்துகளின் வேலை. சோம்பேறியாகக் கிடக்கிற கிருமியிடம் அவற்றின் ஜம்பம் சாயாது. பென்சிலின் இதை ஒன்றும் செய்யவில்லை.

1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் விவசாயக் கல்லூரியில், நிலவறை ஆய்வுக்கூடம் ஒன்றில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆராய்ச்சி மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு 1952-ல் நோபல் பரிசு. மாணவருக்கு இல்லை. அதற்கு முன்பே இருவரும் நீதிமன்றம் வரை போய்விட்டிருந்தார்கள்.

மருந்து வந்ததும் பிரிட்டனில் ஒரு சிக்கல். போரால் பணம் கரைந்துபோன நாடு, அமெரிக்காவிலிருந்து கொஞ்சம்தான் வாங்க முடிந்தது. எல்லோருக்கும் போதாது. யாருக்குக் கொடுப்பது? ஆஸ்டின் பிராட்போர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் அந்தப் பற்றாக்குறையையே ஒரு வாய்ப்பாக்கினார். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை மருத்துவர் முடிவு செய்யக் கூடாது. தற்செயல் எண்களை வைத்து, மூடிய உறைக்குள் எழுதி வைத்துவிட வேண்டும். நோயாளி வந்த பிறகுதான் உறையைத் திறக்க வேண்டும். 107 நோயாளிகள். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். பெறாத 52 பேரில் 14 பேர். 1948-ல் இந்த முடிவு வெளிவந்தபோது, மருந்தை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கே அது இலக்கணமாகிவிட்டது.

ஏன் குலுக்கல்? மருத்துவரிடம் விட்டால் அவருக்கே தெரியாமல் மனம் சாயும். தேறுவார் என்று தோன்றுகிறவருக்குப் புது மருந்தைக் கொடுப்பார், அல்லது இரக்கப்பட்டு மோசமானவருக்குக் கொடுப்பார். எப்படியானாலும் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி இருக்காது. கடைசியில் தெரிகிற வித்தியாசம் மருந்தால் வந்ததா, ஆள் தேர்வால் வந்ததா என்று பிரிக்க முடியாது. வயது, நோயின் முற்றல், வறுமை, நாம் அளக்கத் தெரியாத நூறு விஷயங்கள் — எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடக்கூடியது தற்செயல் ஒன்றுதான்.

அந்த 1948 வெற்றிக்கு ஒரு கசப்பான பின்கதை உண்டு. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், ஸ்ட்ரெப்டோமைசின் பெற்றவர்களிலும் பாதிக்கு மேல் இறந்திருந்தார்கள். மருந்து முதலில் வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது. கணக்கு எளிது. நுரையீரலில் அரித்துப்போன பொத்தல் ஒன்றில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கலாம். அவற்றில் ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்று, பிறவியிலேயே ஏற்பட்ட மரபணுப் பிழையால் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காது. அதாவது மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே நூறு எதிரிகள் உள்ளே இருக்கிறார்கள். மற்றவை செத்ததும் அந்த நூறும் பெருகிவிடும். ஆனால் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால்? ஒரே கிருமிக்கு இரண்டு பிழையும் சேர்ந்து வர வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்று. பத்துக் கோடியில் அப்படி ஒன்று இருப்பது அரிது. இன்றுவரை காசநோய்க்கு ஒற்றை மாத்திரை கொடுக்காமல் கூட்டாகக் கொடுப்பது இந்தப் பெருக்கல் கணக்கினால்தான்.

கூட்டாளிகள் சீக்கிரமே வந்தார்கள். ஸ்வீடனின் யோர்கன் லேமன் கண்ட பி.ஏ.எஸ். ஒன்று. 1952-ல் வந்த ஐசோனியசிட் இன்னொன்று. இந்த ஐசோனியசிட்டின் வரலாறு விசித்திரமானது. 1912-லேயே பிராக் நகரில் இரண்டு வேதியியலாளர்கள் அதைத் தயாரித்து, வேறு ஏதோ ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திவிட்டு விட்டுவிட்டார்கள். நாற்பது வருடம் கழித்து மூன்று பெரிய மருந்து நிறுவனங்கள் தனித்தனியாக, ஒரே நேரத்தில், அது காசநோய்க் கிருமியைக் கொல்வதைக் கண்டன. பழைய பொருள் என்பதால் அதற்குக் காப்புரிமை கேட்க யாராலும் முடியவில்லை. விளைவு, மருந்து மலிவாக வந்தது. நியூயார்க்கின் ஸீ வியூ மருத்துவமனையில் சாகக் கிடந்த நோயாளிகள் எழுந்து நடனமாடும் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வேதியியலின் ஒரு தற்செயல், ஏழை நாடுகளுக்குச் செய்த உதவிகளில் இதைவிடப் பெரியது இருக்குமா தெரியவில்லை.

இனி நம்முடைய கணக்கு. 1946-ல் போர் (Bhore) குழு அறிக்கை, இந்தியாவில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் காசநோயால் இறக்கிறார்கள், நோய் முற்றியவர்கள் சுமார் 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. இருந்த படுக்கைகள் ஏறக்குறைய 6,000. பத்து வருடத்தில் படுக்கைகளைப் பல மடங்காக்கினாலும் ஒப்பிடவே முடியாத பள்ளம் அது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வருடப் படுக்கை என்றால், கட்டி முடிப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். பி.சி.ஜி. தடுப்பூசி ஒரு வழியாகத் தெரிந்தது. ஆனால் அதைச் சென்னையிலேயே கடுமையாக எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1955-ல் ராஜாஜியே அதை எதிர்த்துத் தனிப் புத்தகம் போட்டார்.

மாத்திரை இருக்கிறதே, வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் என்ன? இன்று மிக இயல்பாகத் தோன்றும் இந்தக் கேள்வி அன்று மருத்துவர்கள் பலருக்கு விபரீதமாகப் பட்டது. அவர்களுடைய அச்சத்தைக் கேலி செய்ய முடியாது. சென்னையின் குடிசைப் பகுதியில் ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் தூங்குகிறார்கள். இருமுகிற அப்பாவைக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் விட்டுவைப்பதா? அரை வயிறு சாப்பாட்டில் மருந்து எப்படி வேலை செய்யும்? ஓய்வே இல்லாமல் கை வண்டி இழுக்கப் போய்விடுவாரே? ரத்த வாந்தி எடுத்தால் யார் பார்ப்பது? கடைசியாக, வாய்விட்டுச் சொல்லப்படாத ஒன்று: பணக்காரனுக்கு மலைவாச விடுதி, ஏழைக்கு ஒரு பொட்டலம் மாத்திரையா? இந்தக் கடைசிக் கேள்விதான் கனமானது. சோதிக்காமல் வீட்டு வைத்தியத்தை அரசு அறிவித்திருந்தால், அதற்குப் பெயர் கைகழுவுதல்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து 1956-ல் அந்தச் சோதனையைத் தொடங்கின. இயக்குநராக வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ், பிரிட்டிஷ் மருத்துவர். பிராட்போர்ட் ஹில் வகுத்த குலுக்கல் முறை வழக்கமாகிவிட்ட ஆராய்ச்சிச் சூழலிலிருந்து வந்தவர். அவருடன் எஸ். தேவதத்தா, புள்ளியியலாளர் எஸ். ராதாகிருஷ்ணா, சி.வி. ராமகிருஷ்ணன் எனச் சென்னைக்காரர்கள் பலர். திட்டம் ஐந்து வருடத்துக்குத்தான் போடப்பட்டது. மையம் இன்றும் அதே சாலையில் இருக்கிறது. பெயர் மட்டும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று மாறியிருக்கிறது.

193 நோயாளிகள். எல்லோரும் சென்னையின் ஏழைகள், அதற்கு முன் மருந்து எடுக்காதவர்கள், சளியில் கிருமி இருப்பது உறுதியானவர்கள். குலுக்கலில் ஒரு பாதிக்குச் சானடோரியம், மறுபாதிக்கு வீடு. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடத்துக்கு. இதில் பி.ஏ.எஸ். ஒரு நாளைக்கு 10 கிராம். வயிற்றைப் புரட்டும் மருந்து. இன்றைய ஐநூறு மில்லிகிராம் மாத்திரை இருபதை ஒரு நாளில் விழுங்குவதற்குச் சமம். சானடோரியத்தில் நர்ஸ் கையால் மருந்து, சத்தான சாப்பாடு, படுக்கை ஓய்வு. வீட்டுப் பிரிவினர் வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போவார்கள். தேறியதும் வேலைக்குப் போவார்கள். என்ன கிடைக்கிறதோ அதைச் சாப்பிடுவார்கள்.

ஃபாக்ஸ் யாரையும் நம்பிவிடவில்லை. பொதுச் சுகாதார நர்ஸ்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். பி.ஏ.எஸ். சாப்பிட்டிருந்தால், ஃபெரிக் குளோரைடு பட்டதும் சிறுநீர் ஊதா கலந்த சிவப்பாக மாறும். மருந்தை வாங்கிக்கொண்டு ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை ஊகமாக இல்லாமல் சோதனைக்குழாயில் பார்த்த முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. கணிசமான பேர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதும் தெரிந்தது. காசநோயாளிகளிடம் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுவார்கள் என்று விட்டுவிடுவதன் ஆபத்தைப் பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே தனியாக ஒரு கட்டுரை எழுதினார்.

ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள்: சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. இந்த எண்ணிக்கையில் அந்த வித்தியாசம் தற்செயலாலும் வரக்கூடியதே. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்ததில் அதுவும் கரைந்துபோய், இரண்டு பிரிவிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் நோய் அடங்கி இருந்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாகவே கூடியது. எக்ஸ்ரேயில் பொத்தல் மறைவதும் அங்கே கொஞ்சம் வேகமாக இருந்தது. ஆனால் கிருமி ஒழிவதில் அந்தக் கூடுதல் கிலோக்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம் எல்லாவற்றிலும் பின்தங்கியவர்களுக்கு ஏறக்குறைய அதே பலன். மேலும், சானடோரியத்தில் சேர்ந்தவர்களில் சிலர் மருத்துவர் பேச்சைக் கேட்காமல் பாதியில் கிளம்பிப் போனார்கள். குடும்பத் தலைவன் ஒரு வருடம் படுத்துக் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த தாய்க்கு எந்த மலைக்காற்றும் ஒத்துக்கொள்ளாது. படுக்கை வைத்தியத்தைப் போற்றி எழுதியவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

எல்லோரும் பயந்த தொற்று என்ன ஆனது? இரண்டு பிரிவினரின் வீட்டாரையும் ஐந்து வருடம் எக்ஸ்ரே எடுத்தும் சளி சோதித்தும் கண்காணித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் புதிதாக நோய் கண்டவர்கள் அதிகம் இல்லை. நம்ப முடியாத இந்த முடிவுக்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, தொற்ற வேண்டியது பெரும்பாலும் ஏற்கெனவே தொற்றிவிட்டது. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பு மாதக்கணக்கில் அவர் அந்த ஒற்றை அறையில் இருமியிருக்கிறார். கண்டுபிடித்த பிறகு அவரைத் தூக்கிக்கொண்டுபோய்த் தாம்பரத்தில் படுக்கவைப்பது, குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுகிற வேலை. இன்னொன்று, மருந்து தொடங்கியதும் தொற்றும் சக்தி வேகமாக விழுகிறது.

இரண்டாவதை நேரடியாகக் காட்டியது பால்டிமோரில் நடந்த ஒரு சோதனை. அதே 1950-களின் கடைசியில், ரிச்சர்ட் ரைலியும் வில்லியம் ஃபர்த் வெல்ஸும் ஆறு படுக்கைகள் கொண்ட காசநோய் வார்டின் காற்றை மொத்தமாகக் குழாய் வழியே மேலே கொண்டுபோய், கினிப் பன்றிகள் இருந்த அறைக்குள் விட்டார்கள். நோயாளிக்கும் விலங்குக்கும் இடையே காற்றைத் தவிர வேறு தொடர்பு இல்லை. மாதம் இரண்டு மூன்று விலங்குகளுக்கு நோய் வந்தது. காசநோய் காற்றில் பரவும் என்பதற்கு அதுவே நேரான சான்று. பின்னர் மருந்து எடுக்கிறவர்களையும் எடுக்காதவர்களையும் பிரித்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களிடமிருந்து தொற்றியது மிகமிகக் குறைவு. தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைப்பதில் நம் வீடுகள் காட்டிய கண்டிப்பில் ஒரு பங்கை, ஜன்னலைத் திறந்து வைப்பதில் காட்டியிருக்கலாம்.

சென்னை முடிவை முதலில் பயன்படுத்திக்கொண்டது வசதியான நாடுகள் என்பது வேடிக்கை. ஏழை ஊரில், இட நெருக்கடியில், சத்தில்லாத சாப்பாட்டில் வீட்டு வைத்தியம் பலிக்கிறது என்றால், வசதியான ஊரில் பலிக்காதா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் சானடோரியங்கள் வரிசையாக மூடப்பட்டன. 'ஏழைக்கு இரண்டாந்தரம்' என்று சந்தேகிக்கப்பட்டது, எல்லோருக்கும் முதல் தரமானது.

அடுத்த கேள்வியும் சேத்துப்பட்டிலேயே எழுந்தது. வீட்டில் கொடுத்தால் கணிசமான பேர் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்கள். மருத்துவமனையில் வைக்கவும் தேவையில்லை. அப்படியானால் வாரம் இரண்டு முறை மட்டும் மையத்துக்கு வரவழைத்து, நர்ஸ் கண்ணெதிரே மருந்தை விழுங்கவைத்து அனுப்பினால்? தினம் சாப்பிட வேண்டிய மருந்தை வாரம் இரண்டு நாள் கொடுப்பது அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே கிருமியின் சோம்பேறித்தனம் நமக்கு உதவுகிறது. ஒருமுறை பலமாக அடித்தால், அது மறுபடி வளரத் தொடங்கச் சில நாட்கள் ஆகும். 1964-ல் வெளியான சென்னை ஆய்வில், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியசிட்டும் வாரம் இரண்டு முறை நேரில் பெற்றவர்கள், வீட்டில் தினமும் சாப்பிட்டவர்களைவிடக் குறைவாகத் தேறவில்லை. முப்பது வருடம் கழித்து உலக சுகாதார நிறுவனம் 'டாட்ஸ்' என்று உலகம் முழுக்கப் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு ஒரு வேர் இதில் இருக்கிறது. இன்னொரு வேர் தான்சானியாவில் கரேல் ஸ்டிப்லோ கட்டிய திட்டம். ரிஃபாம்பிசின் வந்த பிறகு ஒன்றரை வருட வைத்தியம் ஆறு மாதமாகச் சுருங்கியது. அதிலும் சென்னை ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு.

ஆய்வு நன்றாக இருந்தது, அதை வைத்துக் கட்டிய திட்டம் அப்படி இல்லை. 1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. வீட்டு வைத்தியம் மலிவு என்பதை அரசுகள் நன்றாகவே கேட்டுக்கொண்டன. திடீரென்று வந்து மாத்திரையை எண்ணுகிற நர்ஸ், வாராவாரம் சோதிக்கிற ஆய்வுக்கூடம், வராதவரைத் தேடிப் போகிற ஆள் ஆகியவையும் அந்த வைத்தியத்தின் பாகம் என்பதை அவ்வளவாகக் கேட்டுக்கொள்ளவில்லை. மருந்துத் தட்டுப்பாடு, பாதியில் நிறுத்தியவர்கள், பெருகிய மருந்து எதிர்ப்பு என்று முப்பது வருடம் ஓடிய பிறகு, 1990-களில் திட்டத்தைத் திருத்தி எழுத வேண்டிவந்தது. வாரம் மூன்று முறை மருந்து என்ற முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். 2017 முதல் அதையும் விட்டுத் தினசரி மருந்துக்குத் திரும்பிவிட்டோம். விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையில் நோய் திரும்புவதும் மருந்து எதிர்ப்பும் கூடுதலாக இருக்கலாம் என்பது பிந்தைய ஆய்வுகள் சொன்ன காரணம். சேத்துப்பட்டின் கண்டுபிடிப்புகள் எல்லாமே கல்வெட்டு அல்ல.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். சத்துணவு இல்லாமலும் நோய் குணமாகும் என்று, அதே 193 பேரை வைத்து 1961-ல் வெளியான முடிவைப் பல ஆண்டுகள், 'காசநோயாளிக்குச் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்' என்று படித்தார்கள். ஆய்வு சொன்னது அதுவல்ல. மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறபோது, கிருமி ஒழிவதற்குக் கூடுதல் சாப்பாடு நிபந்தனை இல்லை என்பதுதான் அது. நோய் வராமல் இருக்கச் சாப்பாடு வேண்டுமா, நோயாளி சாகாமல் இருக்கச் சாப்பாடு வேண்டுமா என்ற கேள்விகளுக்கு 193 பேரை வைத்து விடை காணவே முடியாது.

அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் ஜார்க்கண்டில் வேலை செய்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர். 2023-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில் சென்னைத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. நான்கு மாவட்டங்கள், நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேர். இவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கொஞ்சம் நுண்சத்து மாத்திரை. மறுபகுதியினருக்கு இல்லை. இதையும் குலுக்கலில்தான் தீர்மானித்தார்கள். உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் வகை 48 விழுக்காடு குறைந்தது. தடுப்பூசி ஒன்று இந்த அளவுக்கு வேலை செய்திருந்தால் அதன் பெயர் இந்நேரம் எல்லோர் வாயிலும் இருந்திருக்கும். அரிசி பருப்புக்கு அந்த யோகம் இல்லை. நோயாளிகளிடையே, முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் சாவது கணிசமாகக் குறைவாக இருந்தது. 2018 முதல் மத்திய அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுக்குக் கொடுத்துவந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது. குடும்பத்துக்குத் தனியாகப் பணமாக எதுவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2023-ல் உலகம் முழுக்க 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. அதில் நான்கில் ஒருவர் இந்தியர். உலக அளவில் இறந்தவர்கள் 12 லட்சத்து 50 ஆயிரம். ஆறு மாத மருந்தில் குணமாகிற நோய்க்கு இத்தனை சாவு ஏன்? காரணங்களில் ஒன்று, மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்திலேயே பலர் இறந்துவிடுகிறார்கள். நோய் மிகவும் முற்றி, எலும்பும் தோலுமாக வருகிறவர்கள் அவர்கள். அவர்களையும் மற்றவர்களைப் போலவே மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், மருந்து வேலை செய்யும் வரை உடல் தாங்குவதில்லை.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இவர்களைத்தான் தேடுகிறது. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயைக் கண்டறிந்த அன்றே ஊழியர் உயரமும் எடையும் பார்க்கிறார், காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார், விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டுகிறார், யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல் போனாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினாலோ, நிற்க முடியாமல் போனாலோ அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. மேல்சோதனை செய்து, நிலைமை மோசமென்று உறுதியானால் உள்நோயாளியாகச் சேர்த்து, சிகிச்சை உணவோடு மருந்தைத் தொடங்குகிறார்கள். அதற்கான படுக்கைகள் மாவட்டந்தோறும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மற்ற நோயாளிகள் மாத்திரையை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம்.